மாடியில் கோபுரம், மறைப்பு எதற்கு?

நகரத்தில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் செல்போன் கோபுரம். மாடியில் கோபுரம், கீழே குடித்தனம். மாதாமாதம் வாடகை வாங்குகிறவர் வீட்டுக்காரர். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்!

"கதிர்வீச்சு வருதாமே, புற்றுநோய் வருமாமே" என்று ஜனங்கள் பயப்படுகிறார்கள். இதை அசட்டுப் பயம் என்று ஒதுக்கக் கூடாது. ஊதிப் பெரிசாக்கவும் கூடாது.

ரேடியோ அலை அளவு மீறினால் உடம்பைச் சூடாக்கும். இது உறுதியான உண்மை. புற்றுநோய் விஷயம் அப்படி அல்ல. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ரேடியோ அலையைச் 'சந்தேகப் பட்டியலில்' சேர்த்தது. அதே பட்டியலில் ஆசிய நாட்டுக் காய்கறி ஊறுகாயும் இருக்கிறது!

ஆனாலும் ஜாக்கிரதை வேண்டும் என்று மத்திய அரசு 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரங்களுக்குக் கடிவாளம் போட்டது. சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்குதான் என்றது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்று இருந்தது, 0.45 வாட் ஆயிற்று. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2013-ல் உயர்த்தவும் செய்தார்கள்.

சட்டம் சரி. மாடியில் நடப்பது என்ன?

ஆன்டெனாவின் வீச்சு, கலங்கரை விளக்கின் ஒளி மாதிரி பக்கவாட்டில் பாய்கிறது. நேர் கீழே விழுவது குறைவு. தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நாலில் ஒன்றாகிவிடும். ஆகவே கீழ் வீட்டுக்காரரைவிட, ஆன்டெனாவின் முகத்துக்கு நேரே சில அடியில் நிற்கிறவருக்குத்தான் ஆபத்து. அவர் யார்? சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். தண்ணீர்த் தொட்டி கழுவ ஏறுகிறவர். அன்றாடக் கூலிக்கு வந்த அந்த மனிதரிடம், "இந்தப் பக்கம் நிற்காதே" என்று சொல்ல ஆள் உண்டா? அவருக்குப் புரியும் தமிழில் ஒரு பலகை உண்டா?

இந்தப் பயத்தைக் காசாக்கவும் ஆள் இருக்கிறார்கள். 'கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர்' என்று விற்கிறார்கள். இப்படிப்பட்ட சரக்கை விற்ற கம்பெனிகள் மீது அமெரிக்க அரசு 2002-லேயே வழக்குப் போட்டது. ஏமாற வேண்டாம்! ஜன்னலுக்கு உலோக வலை அடித்தால் அலை குறையும், வாஸ்தவம். ஆனால் சிக்னல் குறைந்தால் கையிலுள்ள போன் கூடுதல் சக்தியோடு கத்தும். அதுவும் காதுக்குப் பக்கத்தில்! கோபுரத்தை ஊரைவிட்டே துரத்தினாலும் இதே கதைதான்.

ஆகவே கோபுரமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேட்பது மூன்றுதான். ஆன்டெனாவுக்கு முன்னால் வேலி கட்டி, தமிழில் எச்சரிக்கைப் பலகை வையுங்கள். அதன் எதிரே ஆள் நின்று வேலை செய்யும் நேரத்தில் அலையை நிறுத்துங்கள். அளந்த கணக்கைக் கட்டடத்தின் வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள்.

கணக்கு சுத்தமாக இருந்தால் காட்டுவதற்கு என்ன தயக்கம்? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை!