இரும்பைக் காய்ச்சுவதற்கு முன்

மட்டக்களப்பில் குதிரை பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குத்தான் போகவேண்டும், வேட்டைத் திருவிழாவன்று சுவாமி ஏறி வரும் மரக்குதிரையைப் பார்க்க. உயிருள்ளது வேண்டுமென்றால் நெடுந்தீவு வரை போகலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. படுவான்கரையில் மாட்டோடு பிறந்து வளர்ந்த நான் பதினொரு வருடம் குதிரைக்குச் சேவகம் செய்து பிழைத்தேன் என்றால், எங்கள் ஊரில் சிரிக்கத்தான் செய்கிறார்கள். கட்டாரில் ஒரு லாயத்தில் சாயிஸ் வேலை. லத்தி அள்ளுவது, குளம்பு துப்பரவாக்குவது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பது. அங்கே கண்ட ஒன்றை மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நூரா என்று ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரை. இடது பின்காலில் பட்ட காயம் ஆறுவதற்காக மாதக்கணக்கில் கொட்டிலில் கட்டிவைத்திருந்தார்கள். காயம் ஆறிவிட்டது, கால் ஆறவில்லை. பின்னால் நின்று பார்த்தால் வலது புட்டம் உருண்டு திரண்டிருக்கும், இடது சப்பிப்போயிருக்கும். மணலில் நடந்தால் இடது குளம்பின் நுனி ஒரு கோடு கிழித்துக்கொண்டே வரும். நான் தினமும் அந்தக் கோட்டைப் பார்த்தேன். அது எதைச் சொல்கிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பயிற்சியாளர் ஒரு ஜெர்மன் பெண்மணி. வந்த முதல் நாள் குதிரை மேல் அவர் ஏறவே இல்லை. வைத்தியரை அழைத்தார். வைத்தியர் காலை மடக்கி ஒரு நிமிடம் பிடித்திருந்து, விட்டவுடன் ஓடச் சொன்னார். நொண்டல் கூடவில்லை. நோவு இல்லை, பலம்தான் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் வேலை ஆரம்பமானது. இந்த ஒழுங்கை மறக்காதீர்கள். நோகிற காலுக்குப் பயிற்சி கொடுப்பது வைத்தியமல்ல, வதை.

பயிற்சியாளர் செய்தது டிரெஸ்ஸாஜ். பழக்குதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். 2023 செப்டெம்பரில் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி தங்கம் வென்றதே, அதே போட்டி. 41 வருடத்துக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் அது. தொலைக்காட்சியில் பார்த்த என் மாமா, "குதிரைக்கு நாட்டியம் பழக்கி வைச்சிருக்கானுகள்" என்றார். நாட்டியம்போலத்தான் தெரியும். ஆனால் உள்ளே நடப்பது பாரத்தை இடம் மாற்றும் வேலை. குதிரை சும்மா நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ அறுபது வீதம் முன்கால்களில் இருக்கிறது. பின்காலை வயிற்றுக்கடியில் எட்டிவைக்கப் பழக்கி, அந்தப் பாரத்தில் கொஞ்சத்தைப் பின்னுக்கு வாங்குவதுதான் இந்தக் கலையின் அடிப்படை. போட்டிக்காரனுக்கு அது பதக்கம், நொண்டும் குதிரைக்கு அதுவே மருந்து.

முதல் இரண்டு கிழமை வெறும் நடை. கையில் கயிறு, நேர்கோடு, பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். அதன்பின் தரையில் கம்புகளை ஏறத்தாழ இரண்டு முழ இடைவெளி விட்டுப் போட்டார். கம்பில் தட்டாமலிருக்க குதிரை காலைத் தூக்கியே ஆகவேண்டும், இழுத்துக்கொண்டு போக முடியாது. பிறகு மெல்லிய ஏற்றம். பிறகு நடப்பதும் நிற்பதும் நடப்பதுமாக. பிறகு இரண்டு மூன்று அடி பின்னுக்கு. கடைசியாகத்தான் இருபது மீற்றர் வட்டம்.

வட்டத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உட்பக்கத்துப் பின்கால்தான் கூடுதலாக எட்டி வந்து பாரம் வாங்கும். இடப்பக்கம் கிறுகினால் இடது காலுக்கு வேலை. அப்படியென்றால் இடப்பக்கமே சுற்றிக்கொண்டிருக்கலாம்தானே என்று கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார். பலமற்ற காலுக்குக் கொஞ்ச நேரம், பிறகு மறுபக்கம், பிறகு நேர்கோட்டில் இளைப்பாறல். களைத்த தசை எதையும் படிக்காது, பாரத்தை மற்றக் காலுக்குத் தள்ளிவிடும் கள்ளத்தைத்தான் படிக்கும். நாலாம் மாதத்தில் தோளைச் சற்று உள்ளுக்கு வாங்கி மூலையாக நடக்கவைக்கும் பயிற்சிக்கு வந்தார்கள். பிரான்சின் கெரினியர் என்ற குதிரை ஆசான் 18ஆம் நூற்றாண்டில் வகுத்துத் தந்தது அது. மணலில் அந்தக் கோடு அழிந்துபோனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு புட்டமும் கடைசிவரை முழுக்கச் சமமாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் திரும்பினேன். மாமாவின் வண்டி மாடுகளில் ஒன்று வாய்க்காலுக்குள் வழுக்கி விழுந்து, வலது பின்காலை மண்ணில் இழுத்துக்கொண்டு நின்றது. அதே கோடு. இந்த முறை எனக்கு விளங்கியது. மாமாவோ சூடு வைக்கிறவருக்கு ஆளனுப்பிவிட்டார்.

சூடு என்ற சொல் எங்களுக்கு இரண்டு பொருள் தரும். களவெட்டியில் மாடு வளைத்து மிதித்ததும் சூடுதான், காய்ச்சிய இரும்பால் மாட்டின் தோலில் கோடு இழுப்பதும் சூடுதான். முதலாவதை இயந்திரம் விழுங்கிவிட்டது. இரண்டாவது மட்டும் அழியாமல் இருக்கிறது. பட்டி மாட்டுக்கு அடையாளத்துக்காகக் குறி சுடுவது வேறு கதை, அதைப்பற்றி இங்கே பேசவில்லை. நொண்டிய காலுக்கு மருந்தென்று சுடுவதைச் சொல்கிறேன்.

"மருமகன், நம்மட அப்பன் பாட்டன் சூடு வைச்சு எத்தின மாடு நடந்திருக்கு தெரியுமா?" என்றார் மாமா.

நடந்திருக்கும். நான் மறுக்கவில்லை. ஆனால் எது நடக்க வைத்தது? பிரிட்டனிலும் பந்தயக் குதிரைகளின் காலில் காலங்காலமாகச் சூடு வைத்தவர்கள்தான். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஐயன் சில்வர் குழுவினர் 1983இல் வெளியிட்ட ஆய்வு, சூட்டினால் தசைநாண் ஆறுவதில்லை என்று காட்டியது. 1991இல் அந்நாட்டுக் கால்நடை வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் அரச கல்லூரியே இது தொழில் நெறிக்கு ஒவ்வாதது என்றது. சூடு வைத்த விலங்கைப் புண் ஆறும்வரை யாரும் வேலைக்குப் பூட்டுவதில்லை. அந்த ஓய்வு செய்த வேலைக்கு இரும்பு பெயர் வாங்கிக்கொண்டது. எங்கள் ஊரிலும் சூடு வைத்த மாட்டை ஒரு மாதம் நுகத்தில் வைக்கமாட்டார்கள். அந்த ஒரு மாதத்தைச் சுடாமலே கொடுத்தால் என்ன?

மாமாவிடம் ஒரு கிழமை தவணை கேட்டேன். அரசாங்க கால்நடை வைத்தியர் வந்து குளம்பைப் பார்த்தார், முழங்கால் சில்லைத் தடவிப் பார்த்தார். சில்லு மேலேறிப் பூட்டிக்கொண்டால் பின்கால் மடியாமல் பின்னுக்கு நீட்டி நிற்கும், பிறகு சட்டென்று வெட்டி மடியும். அப்படிப்பட்ட மாட்டுக்கு நடை பழக்கி நாள் கடத்தாதீர்கள் என்றார் அவர், ஒரு சிறு வெட்டில் அந்த நாணை விடுவித்துவிடலாம். குதிரைக்கு இதே கோளாறு வந்தால் பெரும்பாலும் பயிற்சியைத்தான் முதலில் பார்ப்பார்கள். எல்லா நொண்டலும் ஒன்றல்ல. எங்கள் மாட்டுக்கு அது இல்லை, சதை வற்றியதுதான் என்றார்.

கம்புக்குப் பதில் தென்னம் மட்டை. ஏற்றத்துக்குக் குளக்கட்டு. இவை இரண்டுக்கும் மேலாக வாவி இருந்தது. கட்டாரில் குதிரையைத் தண்ணீரில் நடத்தப் பெரிய செலவில் தொட்டி கட்டியிருந்தார்கள். எங்களுக்கு வாசலிலேயே முழங்காலளவுத் தண்ணீர் கிடக்கிறது. தண்ணீருக்குள் மாடு காலைத் தூக்கித்தான் வைக்கும். அடி மணலாக இருக்கும் இடத்தைப் பாருங்கள், சேற்றில் இறக்கினால் இருக்கிற காலும் போய்விடும். முதலை வருகிற துறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். காலையில் பத்து நிமிடம், மறுகா பின்னேரம் பத்து நிமிடம். கிறுக்கும்போது இரண்டு பக்கமும் கிறுக்கினேன். பெரியவர்கள் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். அரபு நாட்டு வித்தை என்று பெயரும் வைத்தார்கள்.

குதிரையும் மாடும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. மாட்டின் மேல் ஏறி யாரும் டிரெஸ்ஸாஜ் பழக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை கொடுக்காத சதை வற்றுவதும், அளவோடு வேலை கொடுத்தால் திரள்வதும், அளவு மீறினால் கிழிவதும் இரண்டுக்கும் பொது. கட்டிப்போட்டுவிட்டு ஒருநாள் திடீரென்று நெல் மூட்டை ஏற்றிய வண்டியில் பூட்டுவதுதான் நாங்கள் செய்யும் பெரிய பிழை. அது நொண்ட ஆரம்பித்ததும் மறுபடியும் இரும்பைத் தேடுகிறோம்.

விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1907இலேயே வந்துவிட்டது. அதன்படி தண்டம் கூடினால் நூறு ரூபாய். நூறு ரூபாய்க்கு இன்று ஒரு பிளேன்டீயும் வடையும் கிடைத்தால் அதிசயம். ஆகவே சட்டத்தைக் காட்டி மாமாக்களை மிரட்டலாம் என்ற எண்ணம் எனக்கில்லை. சூடு வைக்கிறவர்கள் கொடியவர்களும் அல்ல. மாட்டின் மேலுள்ள பாசத்தில், வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள். அந்த வேறு வழியைக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் ஊருக்குள் வந்து காட்டவேண்டும். தடுப்பூசி போட வரும் நாளில் அரை மணித்தியாலம் ஒதுக்கி, ஒரு மாட்டை நடத்தி, பின்னால் நின்று எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

மாமாவின் மாடு மூன்று மாதத்துக்குப் பிறகு வெறும் வண்டி இழுத்தது, ஐந்தாம் மாதத்தில் அரைப் பாரம். முழுப் பாரத்துக்கு இன்னும் நான் விடவில்லை. உங்கள் மாடு நொண்டினால், அடுப்பில் இரும்பை வைப்பதற்கு முன் வைத்தியருக்கு ஒரு கோல் எடுங்கள். அவர் வரும்வரை மாட்டை நிழலில் கட்டி, மண்ணில் அதன் குளம்பு போட்ட தடத்தை அழியாமல் வைத்திருங்கள். அவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.