அர்த்தநாரிக்குக் கற்பூரம்! திருநங்கைக்கு லத்தியா?

கார்த்திகைத் தீபத்தன்று அந்தி வேளையில் திருவண்ணாமலைக் கோயிலில் அர்த்தநாரீசுவரர் வெளியே வருகிறார். வருஷத்தில் அந்த ஒரு நாள், சில நிமிஷ நேரம்தான். ஆண் பாதி, பெண் பாதியான உருவத்தைக் கண்டு ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். மலை மேல் தீபம் எரிகிறது.

அதே ஊரில், ரமணாசிரமத்துக்கு முன்னால் செங்கம் ரோடு. வீட்டார் விரட்டிய ஒரு திருநங்கைப் பிள்ளை கிரிவல வீதியில் நின்றால் அதற்குக் கிடைப்பது என்ன? கேலியும் அதட்டலும்தான். "நட ஸ்டேஷனுக்கு!" இது எந்த ஊர் ரோட்டிலும் அந்தப் பிள்ளைகள் கேட்டுப் பழகிய சொல்.

நாம் மிகைப்படுத்தவில்லை. 2006ல் சென்னையில் ஒரு திருநங்கை திருட்டு வழக்கு என்று ஸ்டேஷனுக்கு இழுக்கப்பட்டு, பாலியல் கொடுமைக்கு ஆளாகி, தீக்குளித்து மாண்டார். அவருடைய சகோதரி விடவில்லை. 2007ல் ஹைகோர்ட்டு 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது. அதோடு கொடுமை ஓய்ந்ததா? 2016 நவம்பரில் பாண்டி பஜாரில், போலீஸ் ஸ்டேஷன் அருகிலேயே இன்னொரு திருநங்கை தீக்காயப்பட்டு உயிரிழந்தார்.

"கூட்டத்தில் தொல்லை கொடுக்கிறார்கள், போலீஸ் என்ன செய்யும்?" என்று சிலர் கேட்கிறார்கள். குற்றம் செய்தவர் மீது வழக்குப் போடட்டும், யார் தடுத்தது? பிறப்பையே குற்றமாக்கியது 1871ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம். வடக்கே திருநங்கைகளையும் அது பதிவேட்டில் ஏற்றியது. அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்தப் புத்தி ஒழியவில்லை!

ஆகவே அந்த இளம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியவை இவை:

ஒன்று: கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். சாட்சி கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும்.

இரண்டு: உறவினருக்கோ, சிநேகிதருக்கோ தகவல் கொடுக்க வேண்டும். வீட்டார் கைவிட்டவர் சங்கத் தோழரின் பெயரைச் சொல்லலாம்.

மூன்று: வக்கீலைப் பார்க்கும் உரிமை உண்டு. காவலில் உள்ளவருக்கு இலவசச் சட்ட உதவியும் உண்டு. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்கு: 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள். டாக்டர் பரிசோதனை கேளுங்கள்.

ஐந்து: திருநங்கை, திருநம்பி என்பதற்காக யாரையும் போலீசார் துன்புறுத்தக் கூடாது என்று 2022ல் தமிழ்நாட்டுப் போலீஸ் நடத்தை விதியிலேயே சேர்த்தாகிவிட்டது. ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று தன்னைத் தானே அறிவிக்கும் உரிமையை 2014ல் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொண்டது.

ஏட்டில் இருக்கும் உரிமை லாக்கப்புக்குள் தானாக நுழையாது. இது நமக்குத் தெரியாததா? 1992ல் வாச்சாத்தியில் 18 பெண்களைச் சீரழித்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடியும் விடாமல் நின்றதால்தான் 2011ல் 269 பேரும் குற்றவாளிகள் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது.

தோழர்களே! டீக்கடையில் திருநங்கையைப் பார்த்துச் சிரிக்கும் வாய் நம்முடையதாகவும் இருக்கிறது. அந்தச் சிரிப்புத்தான் லத்திக்குத் தைரியம் கொடுக்கிறது. மில் கேட்டில் நம்மை வேனில் ஏற்றினால் சங்கம் ஓடி வருகிறது. அந்தப் பிள்ளைக்கு யார் வருவார்?

அடுத்த முறை சேதி கேட்டவுடன் இரண்டு பேர் ஸ்டேஷனுக்குப் போங்கள். கைதுக் குறிப்பைக் கேளுங்கள். பதில் வரும் வரை வாசலை விட்டு அசையாதீர்கள்!