கொல்லை வேலி யார் பொறுப்பு?

விடியற்காலை பிரட்டுக்கு வந்த அந்த அம்மாளின் தோளில் காண்டாவாளி இருந்தது. கையில் வெட்டுக்கத்தி இருந்தது. முகத்தில் மட்டும் உயிர் இல்லை. "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டோம். "உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க கிராணியாரே. ராத்திரி பன்னி வந்து கொல்லைய உழுதுட்டுப் போயிடுச்சு. ஒரு மரவள்ளித் தூரு நிக்கல" என்றார். பெயர் கொடுத்துவிட்டு, தலைவிளக்கை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் நிரைக்குப் போய்விட்டார்.

வேலை முடிந்து, பால் நிறுத்தான பிறகு அவர் வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தோம். எட்டு மாத மரவள்ளி பிடுங்கிக் கிடந்தது. சர்க்கரைவள்ளிப் பாத்தி குழிகுழியாக இருந்தது. இரண்டு வாழை சாய்ந்திருந்தது. கீரைப் பாத்தி இருந்த இடம் தெரியவில்லை. கணவரை இழந்தவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு. 2025இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சட்டம் சொல்கிறது. அரிசி, எண்ணெய், பள்ளிச் செலவு, பேருந்துக் கூலி எல்லாவற்றையும் அந்தத் தொகைக்குள் அடக்க வேண்டிய வீட்டில், கொல்லையில் விளையும் கிழங்கும் கீரையும் இன்னொரு சம்பளம். செக்ரோலில் ஏறாத சம்பளம். அதைத்தான் ஒரே இரவில் பன்றி தின்றுவிட்டுப் போனது.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கிள்ளானிலிருந்து வடக்கே போனால் இதைப் போன்ற லயங்கள் இன்னும் சில உண்டு. எங்கே கேட்டாலும் இதே கதைதான். அலுவலகத்தில் சொன்னபோது வந்த பதிலும் புதிதல்ல: "பன்றி காட்டு மிருகம். அதற்கு நிர்வாகம் என்ன செய்ய முடியும்?" பிரிக்பீல்ட்ஸில் அடுக்கு வீட்டில் குடியிருக்கும் நம் நண்பர் ஒருவரோ வாய்விட்டுச் சிரித்தார். "சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா? சம்பளத்தை விட்டுவிட்டுப் பன்றியைப் பிடிக்கக் கிளம்பிவிட்டீர்களே!" என்றார்.

சிரிப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். 1941இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் எழுந்து நின்றபோது, அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். சைக்கிளை விட்டு இறங்குவதும் சின்ன விஷயம் என்றுதான் அன்றைக்கும் சிலர் சொன்னார்கள். ஆனால் அந்தச் சின்ன விஷயங்களுக்காகத் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர்கள் நம்மவர்கள். தொழிலாளியின் வாசற்படியில் நடக்கும் எதுவும் சங்கத்துக்குச் சின்ன விஷயமல்ல.

கொல்லை நிலம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த தானமும் அல்ல. 1923ஆம் ஆண்டு மலாய்க் கூட்டு மாநிலங்களின் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் சுமார் 2,700 சதுர அடி. கூலி குறைவு, கொல்லையில் விளைவதைக் கொண்டு ஈடுகட்டிக்கொள்ளட்டும் என்பதே அதன் உட்கருத்து. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாதபோது நம் பெரியவர்களை உயிரோடு வைத்தது மரவள்ளிக் கிழங்கு. 1948இல் அவசரகாலம் வந்த பிறகு, லயங்களை ஒன்றுசேர்த்து நம்மைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். மனிதனை உள்ளே அடைக்க வேலி கிடைத்தது. அவன் பயிரைக் காக்க மட்டும் வேலி கிடைப்பதில்லை.

இன்றைக்கும் அதே கதை. மறுநடவு செய்த இளங்கன்றுகளைச் சுற்றி வேலி போடுகிறார்கள்; கம்பியும் ஆளும் தாராளமாக வருகிறது. பன்றி வரும் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்துதானே அந்த வேலி? கம்பெனியின் கன்றைத் தின்னும் பன்றிக்கு நிர்வாகம் பொறுப்பு; தொழிலாளியின் கிழங்கைத் தின்னும் பன்றிக்கு இயற்கை பொறுப்பா? இரண்டு இடத்துக்கும் வருவது ஒரே பன்றிதான்.

பன்றி ஏன் பெருகியது என்பதையும் பார்ப்போம். நெகிரி செம்பிலானில் பாசோ என்ற காட்டில் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். 1996இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள், 1998இல் 27. இயல்பான காட்டில் இவ்வளவு இருக்காது. அவர்கள் சொன்ன காரணம் இரண்டு. காட்டைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டம். உதிர்ந்த பழம் ஆண்டு முழுவதும் விருந்து. அதோடு, பன்றியைத் தின்னும் புலி இல்லை. 1950களில் தீபகற்பத்தில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள்; இன்று 150க்கும் குறைவு. பன்றியோ நாலு மாதத்துக்குள் குட்டி போடும். ஒரே ஈற்றில் நாலு, ஐந்து, அதற்கு மேலும் போடும். வயிற்றுக்குத் தீனி உண்டு, விரட்ட ஆளில்லை என்றால் எந்த இனமும் பெருகத்தான் செய்யும்.

மற்றொரு காரணம் மண்வெட்டும் இயந்திரம். பிராங் புசார் ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. புக்கிட் கியாராவில் பால் வெட்டியவர்கள் 1980களில் தற்காலிக நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்டு, இன்னும் நிலையான வீட்டுக்காக வழக்கு, மனு என்று காலத்தைக் கழித்தவர்கள். தோட்டம் போனால் தொழிலாளிக்கும் போக்கிடம் இல்லை, பன்றிக்கும் போக்கிடம் இல்லை. பன்றி எஞ்சிய புதருக்குள் ஒதுங்குகிறது; இரவில் வீட்டுப் பக்கம் வருகிறது. சிரித்த பிரிக்பீல்ட்ஸ் நண்பருக்கும் இதைச் சொன்னோம்: கோலாலம்பூரில் பெரிய மனிதர் வீட்டுப் புல்தரையைப் பன்றி கிளறினால் மறுநாளே அதிகாரிகள் ஓடி வருகிறார்கள். லயத்துக் கொல்லையைக் கிளறினால் யார் வருகிறார்கள்?

யாரும் வராதபோதுதான் நம் ஆட்கள் தாங்களே வழி தேடுகிறார்கள். இங்கேதான் நமக்குப் பயம். தோழர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டிய இடமும் இதுதான்.

சிலர் வீட்டு மின்சாரத்திலிருந்து கம்பி இழுத்து வேலியில் விடுகிறார்கள். நம் தொழில் எப்படிப்பட்டது? இருட்டில் எழுந்து, ஈரப் புல்லில் நடந்து போகும் தொழில். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் கண் தெரியாத நேரத்திலேயே நாம் காட்டுக்குள் இருக்கிறோம். அந்தக் கம்பிக்குப் பன்றிக்கால் எது, தொழிலாளியின் கால் எது என்று தெரியுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்து பொறுக்க வந்தால் என்ன ஆகும்? ஒரு தூர் மரவள்ளிக்காக ஓர் உயிரை அடகு வைக்கலாமா?

சிலர் சுருக்குக் கண்ணி வைக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணியைத் தடை செய்திருக்கிறது. காட்டுப் பன்றியையும் உரிமம் இல்லாமல் வேட்டையாடக் கூடாது. வழக்கு வந்தால் துரைமார் வந்து நிற்க மாட்டார்கள், நிற்பவன் தொழிலாளிதான். இன்னும் சிலர் வெளியாள் வேட்டைக்காரனை அழைக்கிறார்கள். இரவில் புதர் அசைந்தால் சுடுகிறவன் அவன். பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட செய்தியை நாம் பத்திரிகையில் படித்ததில்லையா? நாயை ஏவுவதும் ஆபத்து. தனித்த ஆண் பன்றியின் தந்தம் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும்; குட்டியோடு இருக்கும் தாய்ப் பன்றி மனிதனையும் பாயும்.

செத்த பன்றியை வெறுங்கையால் தொடாதீர்கள் என்றும் சொல்கிறோம். 1998-99இல் நிப்பா நோய் வந்தபோது நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் பன்றிப் பண்ணையில் கூலி வேலை செய்தவர்களும் பண்ணைக்காரர்களும். நோய் வந்தால் முதலில் விழுவது உழைக்கிற கைதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வேலிதான் வழி. ஆனால் பெயருக்குப் போடும் வேலி ஆகாது. பன்றி தாண்டுவதைவிட மூக்கால் நிமிண்டித் தூக்கி உள்ளே நுழைவதே அதிகம். ஆகவே பி.ஆர்.சி. கம்பி வலையோ கெட்டித் தகரமோ நாலடி உயரமாவது நிற்க வேண்டும். ஓரடியாவது மண்ணுக்குள் புதைய வேண்டும். கம்பங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். மின்வேலிதான் வேண்டும் என்றால், விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுக்கும் கருவியை முறையறிந்தவர் பொருத்த வேண்டும். அது விரட்டும், கொல்லாது. தனித்தனி வீட்டுக்கு வேலி போட்டால் பன்றி அடுத்த வீட்டுக்குப் போகும். லயம் முழுவதையும் சேர்த்து ஒரே வேலியாகப் போட்டால் செலவும் குறையும், சண்டையும் வராது.

நம் கையில் உள்ள வேலையும் உண்டு. லயத்தை ஒட்டிய லாலான் புல்லையும் புதரையும் வெட்டி வெளியாக்குவோம். மறைவு இல்லாத இடத்தில் பன்றி தயங்கும். விழுந்த பலாப்பழத்தையும் சமையல் கழிவையும் இரவு தங்கவிட வேண்டாம். தகரம் தட்டுவதும் விளக்கு எரிப்பதும் நாலு நாள் பலிக்கும்; ஐந்தாம் நாள் பன்றி பழகிவிடும். தினைப்புனத்தில் பரண் கட்டி இரவெல்லாம் விழித்த நம் முன்னோர் இதை அறிவார்கள். ஆனால் அவர்கள் விடிந்ததும் உறங்கலாம். நாம் விடிவதற்கு முன்பே பிரட்டில் நிற்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இது. வேலிச் சாமான் நிர்வாகம் கொடுக்கட்டும். குழி தோண்டிக் கம்பம் நட நாம் தயார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் லயமே திரண்டால் முடிந்துவிடும் வேலை. வேட்டை வேண்டியிருந்தால், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு நிர்வாகம் எழுதி, முறைப்படி ஆள் வரவழைக்கட்டும். கேரளத்தில் 2022இல் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவருக்கே கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் 2025இல், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து நாசம் செய்யும் பன்றியை வனத்துறையே சுடுவது என்று முடிவெடுத்தார்கள். அங்கே உழவனின் குரல் சட்டமன்றம் வரை போனது. நம் குரல் தோட்ட அலுவலகம் வரையாவது போக வேண்டாமா?

குரல் போக வேண்டுமானால் கணக்கு வேண்டும். கிராணிமார்களே, இது நம் வேலை. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தேதி, எந்த வீட்டு எண், என்ன பயிர், எத்தனை தூர் என்று எழுதுங்கள். பாலை ராத்தல் கணக்கில் துல்லியமாக எழுதிய பரம்பரை நாம். தொழிலாளியின் நட்டத்தை எழுதக் கை வராதா? மூன்று மாதக் கணக்கோடு கிளைத் தீர்மானம் போனால் "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது. வேலை நேரத்திலோ வேலைக்குப் போய்வரும் வழியிலோ பன்றி பாய்ந்து காயம் பட்டால் உடனே அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் மனுச் செய்ய அந்தப் பதிவுதான் ஆதாரம்.

இன்னொன்று. இன்று நம் லயத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வாழ்கிறார்கள். வேலிக்கு அப்பால் மலாய்க் கம்பம் இருக்கிறது. பன்றியைத் தொடுவதே அவர்கள் சமயத்துக்கு ஆகாது. செத்த பன்றியைக் கால்வாயில் எறிந்தால் அண்டை வீட்டாரின் மனம் புண்படும். பன்றி உள்ளேயே வராமல் தடுப்பது அவர்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. அவர்கள் பாத்தியிலும் மிளகாயும் கீரையும் உண்டு. தீர்மானத்தில் அவர்கள் கையெழுத்தும் இருக்கட்டும்.

"தோட்டமே நாளைக்கு விற்கப்படலாம், இப்போது வேலி எதற்கு?" என்று கேட்பார்கள். விற்கும் நாள் வரை நாம் அங்கேதானே வாழ்கிறோம்? அதுவரை நாம் வெட்டும் பாலைக் கம்பெனி வேண்டாம் என்கிறதா? விற்றால் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போகட்டும். கம்பி எங்கும் ஓடிவிடாது.

போன வாரம் அந்த அம்மாள் முறிந்து கிடந்த மரவள்ளித் தண்டுகளைச் சாண் சாணாக வெட்டி மறுபடியும் நட்டுவிட்டார். "வேலி இல்லாமல் நடுறீங்களேம்மா?" என்று கேட்டோம். "நடாம இருந்தா மட்டும் வேலி வந்துடுமா?" என்றார். தண்டு துளிர்த்துவிட்டது. கிழங்கு இறங்க எட்டு, பத்து மாதம் ஆகும். அதற்குள் வேலி வர வேண்டும். வரவழைப்பது நம் சங்கத்தின் வேலை.