பத்தாவது மனிதன்

“இறைவன் என் உள்ளத்திலேயே உறைகின்றான் என்றால், கூட்டத்தோடு கூட்டமாய் நான் ஏன் கோயிலுக்குச் செல்லவேண்டும்?” மாணவர் பலர் கேட்கும் கேள்வி இது. எள்ளி ஒதுக்கத்தக்க கேள்வியன்று. விடையை நம் சமயத்திற்கு அப்பாலும் சற்றே தேடிப் பார்ப்போம்.

கேரளத்துக் கொச்சியில், மட்டாஞ்சேரியிலே, 1568 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட யூதரின் ஜெப ஆலயம் ஒன்று உண்டு. அரண்மனைக் கோயிலும் அதுவும் அருகருகே நிற்பவை. தனியே வணங்குதற்கு யூத மரபில் தடை இல்லை. எனினும், சில வழிபாடுகளைத் தனியொருவர் நிகழ்த்தல் இயலாது. 13 வயது நிரம்பிய ஆடவர் பதின்மர் கூடவேண்டும் என்பது பழைய விதி. இக்காலத்தில் சில பிரிவினர் பெண்களையும் சேர்த்தே எண்ணுகின்றனர். இக்கூட்டத்திற்கு ‘மின்யான்’ என்று பெயர்.

பெற்றோரை இழந்த மகன் 11 திங்கள் ஓதும் ‘கதீஷ்’ என்னும் துதியும் இவ்விதிக்கு உட்பட்டதே. அதில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறைவனின் பெருமையே உண்டு. நெஞ்சு வெந்து நிற்பவன் இறைவனைப் புகழ, சூழ நிற்போர் ‘ஆமென்’ என்கின்றனர். துயரம் அவனுடையது, அதனைத் தாங்கும் தோள்கள் பலருடையவை. அவர்தம் வழிபாட்டின் மற்றொரு பகுதியில், யாவரும் எழுந்து நின்று, ஒவ்வொருவரும் தமக்குள் மெல்ல ஓதுவர். தத்தம் சொந்த வேண்டுதலையும் அப்போது சேர்த்துக்கொள்ளலாம். கூட்டத்தின் நடுவிலேயே தனிமைக்கும் இடம் வகுத்தனர் அம்மரபினர்.

1948 இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர், கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். ஆலயம் நின்றது, விளக்குகள் தொங்கின, பதின்மர்தாம் கிடைத்திலர். வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்ப வேண்டியதாயிற்று. பத்தாவது மனிதனுக்குப் புலமையும் வேண்டாம், இனிய குரலும் வேண்டாம். வந்து நிற்றலே அவன் செய்யும் தொண்டு.

நம் புத்தளக் கரையோரத்தார்க்கு இவ்வுண்மை புதிதன்று. உடப்பின் கரைவலைத் தொழிலோடு பிறந்த அம்பாப் பாடல்களை எண்ணிப் பாருங்கள். பாட்டு எல்லோர்க்கும் ஒன்று. கயிற்றின் பாரத்தை அவரவர் கையே அறியும். அவ்வூர்த் திரௌபதையம்மன் ஆலயத்து ஆடித் தீமிதிப்பில் ஊரே திரண்டு நிற்கின்றது. தழலில் பதிவதோ அவரவர் பாதம்.

கூட்டத்தில் வாய் மந்திரம் சொல்ல, மனம் கடைத்தெருவில் திரிவதும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின் தனியறையிலும் மனம் திரியத்தான் செய்கின்றது. அங்கே அதனைத் திரும்ப அழைத்துவர அயலார் குரல் இல்லை.

ஆகவே, இளைஞரே, அடுத்த வெள்ளியன்று ‘கோயிலில் எனக்கு என்ன கிடைக்கும்?’ என்று மட்டும் எண்ணாதீர். உம் அருகில் நிற்பவர் ஆற்றொணாத் துயரோடு அன்று வந்திருக்கக் கூடும். அவருக்கு நீரே பத்தாவது மனிதர்.