கல்லாவுக்குப் போகும் கார்டு: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,



சென்னை ராஜாஜி சாலையில் உள்ள தங்கள் வங்கியின் அலுவலகத்திலிருந்து வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வரிசையாக இருக்கும் சாப்பாட்டுக் கடைகளில், கார்டில் பணம் கட்டுகிறவரிடம் சர்வர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, பின் நம்பர் இன்னா?" கார்டு அதற்குள் கல்லாவுக்குப் போயிருக்கும். மெஷின் அங்கேதான் இருக்கிறது. சாப்பிட்டவர் மேசையில் இருந்தபடியே நான்கு எண்களையும் உரக்கச் சொல்வார். பக்கத்து மேசைக்கும் கேட்கும். பெட்ரோல் பங்கில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்காமல் கீழே நிற்கும் பையனிடம் சொல்வதும் இதே நான்கு எண்களைத்தான். கேட்பவரும் திருட நினைத்துக் கேட்பதில்லை. பழகிப்போய்விட்டது.

திருவொற்றியூரில் சிறு கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். கார்டு மெஷினுக்கான ஒப்பந்தம், மாத வாடகை, பிடித்துக்கொண்ட கமிஷன், தகராறில் நின்றுபோன பணம் எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். அந்தக் காகிதங்களைப் படித்தவன் என்ற முறையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

இந்திய மக்களின் கார்டுகளுக்குத் தங்கள் வங்கி செய்திருக்கும் பாதுகாப்பு பெரிது. 2013 டிசம்பர் முதல் கடைகளில் டெபிட் கார்டுக்கு பின் கட்டாயமானது. காந்தப் பட்டை மட்டும் கொண்ட கார்டுகளை 2018 முடிவதற்குள் மாற்றிச் சிப் கார்டு தரச் சொன்னீர்கள். 2020 செப்டம்பர் 30க்குப் பிறகு கொடுக்கப்படும் புதுக் கார்டு, வாடிக்கையாளர் தானே திறந்துவிட்டால் ஒழிய வெளிநாட்டிலோ இணையத்திலோ வேலை செய்யாது. 2022 அக்டோபர் முதல் எந்த இணைய வணிகரும் கார்டு எண்ணைத் தன்னிடம் சேமித்து வைக்கக் கூடாது. இவை ஒவ்வொன்றும் எத்தனையோ திருட்டுகளை நடக்கவிடாமல் செய்தவை. நன்றி சொல்லாமல் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் 2017 ஜூலை 6ஆம் தேதி வங்கிகளுக்குத் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைத் தயவுசெய்து மறுபடி எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல் பணம் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் அவருக்கு ஒரு ரூபாய் நஷ்டமும் இல்லை என்கிறது அது. புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்றும் சொல்கிறது. அதே சுற்றறிக்கையில் இன்னொரு விதியும் இருக்கிறது. தன் ரகசிய விவரங்களைப் பிறருக்குச் சொன்ன வாடிக்கையாளர் கவனக்குறைவாக இருந்தவர். புகார் கொடுக்கும் நேரம்வரை போன பணம் முழுவதும் அவருடைய நஷ்டம்.

இப்போது அந்தச் சாப்பாட்டு மேசையை நினைத்துப் பாருங்கள். மணலியிலோ எண்ணூரிலோ ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்கிற ஒருவர், சம்பளக் கணக்கின் ரூபே கார்டை நீட்டுகிறார், கேட்டதும் பின்னைச் சொல்கிறார். அந்த நொடியிலிருந்து புகார் கொடுக்கும்வரை 2017 சுற்றறிக்கை தந்த காப்பை இழந்துவிடுகிறார். அவருக்கு அது தெரியாது. கேட்ட சர்வருக்கும் தெரியாது. மெஷினை அந்தக் கடையில் கல்லாவோடு கட்டிப்போட்டுவிட்டுப் போன வங்கிக்கு மட்டும் தெரியும். அந்த வங்கிக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

கார்டின் சிப் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குறியீட்டை உருவாக்கித் தருவதால், அதை நகலெடுத்துப் பயனில்லை. ஆனால் பின்புறம் காந்தப் பட்டை இன்னும் இருக்கிறது. கல்லாவுக்குப் போகும் வழியில் கைக்குள் அடங்கும் கருவி ஒன்றில் அதை ஒரு தடவை இழுத்துவிட்டால் விவரம் நகலாகிவிடும். அதோடு பின்னும் கிடைத்துவிட்டால், சிப்பைக் கேட்காத வெளிநாட்டு மெஷின்களில் போலிக் கார்டு வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தாங்கள் மூடி வைத்ததால்தான் பலர் தப்பிக்கிறார்கள். கப்பலில் வேலைக்குப் போகிறவர்கள் அதைத் திறந்து வைத்திருப்பார்கள். அதுகூட வேண்டாம். பின்னைக் கேட்டு வைத்துக்கொண்டவன் பிறகு கார்டையே திருடினால் போதும்.

பெரிய இடத்தில் தவறு நடந்தபோது என்ன நடந்தது என்பதையும் நாடு பார்த்திருக்கிறது. 2016இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸின் கணினிகளில் தீநிரல் புகுந்தது; அதை அந்த நிறுவனமே 2017 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஆபத்துக்குள்ளாயின. வங்கிகள் கார்டை முடக்கிப் புதுக் கார்டு கொடுத்தன, பின்னை மாற்றச் சொல்லின. 19 வங்கிகளின் 641 வாடிக்கையாளர்களிடமிருந்து 1.3 கோடி ரூபாய் போனதாகத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அப்போது சொன்னது. அங்கே ஓட்டை கணினியில் இருந்தது. யாரும் வாடிக்கையாளரைக் குற்றம் சொல்லவில்லை. ஓட்டை ஓட்டலின் நடைபாதையில் இருக்கும்போது மட்டும் அவரே பொறுப்பு என்பது எந்த வகையில் நியாயம்?

மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சிலர் பதில் சொல்வார்கள். நான் ஏற்கவில்லை. காசிமேட்டில் மீன் வாங்குகிறவரும் சரி, விற்கிறவரும் சரி, யூபிஐ பின்னை யாரிடமும் சொல்வதில்லை. போன் அவரவர் கையில் இருக்கிறது, விரலால் அடித்துவிடுகிறார்கள். அதே மனிதர் கார்டு நீட்டும்போது பின்னைச் சொல்கிறார் என்றால், மெஷின் அவர் கைக்கு எட்டவில்லை என்று பொருள்.

ஏன் எட்டவில்லை? ஓட்டலுக்கு ஒரு மெஷின்தான். இன்னொன்று எடுத்தால் இன்னொரு வாடகை. இருப்பதும் சார்ஜ் நிற்காமல் எப்போதும் வயரில் கிடக்கும்; பேட்டரி போய்விட்டது என்று சொன்னால் மாற்றித் தர ஆள் வருவதில்லை. தகரக் கூரைக்கு அடியில் உள்மேசைகளில் சிம் சிக்னல் கிடைக்காது, கல்லா பக்கம்தான் கிடைக்கும். சிறு ஊர்களில் மெஷின் வைக்கச் செலவைப் பங்கிடத் தாங்கள் 2021இல் கொடுப்பனவு உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதியைத் தொடங்கினீர்கள். அது 2025 டிசம்பர் வரை நீட்டிக்கப்பட்டது. மக்கள்தொகைப்படி வகுத்த மூன்றாம் நிலை முதல் ஆறாம் நிலை வரையிலான ஊர்களுக்கு அது. முதல் இரண்டு நிலை ஊர்களில் மத்திய அரசின் ஸ்வநிதித் திட்டத்தில் உள்ள தெரு வியாபாரிகள் போன்ற சில பிரிவினருக்கே இடம் கிடைத்தது. 2011இல் எண்ணூர் அடங்கிய கத்திவாக்கமும் திருவொற்றியூரும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் நாங்கள் பெருநகரத்தார். அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவில் பத்து மேசை போட்டு ஓட்டல் நடத்துகிறவர் தியாகராய நகரின் பெருங்கடைகளோடு ஒரே கணக்கில் நிற்கிறார்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். "பேங்கிலிருந்து வர்றேன், மெஷின் அப்டேட் பண்ணணும்" என்று ஒருவர் வந்து நின்றால், கல்லாவில் இருக்கும் பையன் எடுத்துக் கொடுத்துவிடுவான். மெஷினையே மாற்றி வைத்துவிட்டுப் போகலாம். 2006இல் பிரிட்டனில் ஷெல் பெட்ரோல் நிலையங்களின் மெஷின்களில் கைவைத்துப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் திருடினார்கள். சுமார் 600 நிலையங்களில் சிப்-பின் முறையையே அந்த நிறுவனம் நிறுத்தி வைத்தது. கார்டு நிறுவனங்களின் பிசிஐ விதிகள் இதற்கு வழி சொல்லியிருக்கின்றன: மெஷின்களின் வரிசை எண்ணைக் குறித்து வை, அடிக்கடி சோதித்துப் பார், பழுது பார்க்க வந்தவர் யார் என்று உறுதி செய், ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடு. நல்ல விதிகள். நான் பார்த்த ஒப்பந்தங்களில் இவற்றுக்கெல்லாம் வணிகரே பொறுப்பு என்று பொடி எழுத்து ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்ட ஓட்டல்காரருக்கு அந்த வரி இருப்பதே தெரியாது.

வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்கும் படிவம் மாநில மொழியிலும் இருக்க வேண்டும் என்பது தங்கள் விதி. அதே விதியை வணிகரின் ஒப்பந்தத்துக்கும் நீட்டுங்கள். மெஷினைப் பொருத்த வருகிறவர் கடை ஊழியர்களை நிற்க வைத்துத் தமிழில் சொல்லிக்கொடுக்கட்டும்: பின்னைக் கேட்காதே, மெஷினை மேசைக்குக் கொண்டுபோ, அடையாள அட்டையும் வரிசை எண்ணும் பார்க்காமல் யாரிடமும் மெஷினைக் கொடுக்காதே. அதை மெஷினின் முதுகிலேயே ஒட்டிவிடலாம். உட்கார்ந்து சாப்பிடும் கடைகளுக்குக் கையில் எடுத்துப்போகும் மெஷின், ஓடும் நிலையில், கூடுதல் வாடகை இல்லாமல் தரப்பட வேண்டும். செத்த பேட்டரியை மாற்ற ஒரு கெடு வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 2017 விதியில் ஒரு விலக்கைச் சேருங்கள். வாடிக்கையாளரின் கைக்கு மெஷின் போகாத கடையில் பின்னைச் சொல்ல நேர்ந்ததை அவருடைய கவனக்குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நஷ்டத்தை மெஷினைப் பொருத்திய வங்கி ஏற்க வேண்டும். நஷ்டம் தன் கணக்கில் விழும் என்று தெரிந்தால் அந்த வங்கி ஒரே மாதத்தில் நல்ல பேட்டரி அனுப்பிவிடும் என்று எண்ணூர் நெடுஞ்சாலைக் கடைக்காரர்கள் நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன்.

தங்கள் அதிகாரிகள் ஒரு மதிய வேளையில் ராஜாஜி சாலையிலிருந்து வடக்கே வந்து, சாப்பிட்டு, கார்டில் பணம் கட்டிப் பார்த்துவிட்டு இதற்கு முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுதுபவன்,
திருவொற்றியூர், சென்னை