வீட்டில் துப்பாக்கி வேண்டுமா?

தேர்தல் தேதி அறிவித்தாகிவிட்டால் ஒவ்வொரு ஜில்லாவிலும் ஓர் உத்தரவு கிளம்பும். லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். தேர்தல் முடிந்த பிறகு திரும்பப் பெற்றுக் கொள்ளலாம் என்று. இந்தச் செய்தியைப் படிக்கிறபோதுதான், "அட, நம் பக்கத்திலும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களா!" என்று பல பெண்மணிகளுக்கு ஆச்சரியம் உண்டாகிறது.

கீழ்பென்னாத்தூரில் அந்த ஆச்சரியம் நியாயமானதுதான். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில் உள்ள இந்த ஊரில் நெல் தெரியும், மல்லாட்டை தெரியும், கார்த்திகையில் மலையுச்சியில் ஏற்றுகிற தீபம் தெரியும். துப்பாக்கி? சினிமாவில் கதாநாயகன் கையில் பார்த்தது. இல்லாவிட்டால் பாங்கு வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் மடியில் பார்த்தது. அவ்வளவுதான்.

ஆனால் மகனோ மகளோ அமெரிக்காவில் வேலையாக இருக்கிற குடும்பங்கள் இப்போது சின்ன ஊர்களிலும் உண்டு. அங்கே பேரக் குழந்தை படிக்கிற பள்ளிக்கூடத்தில், யாராவது துப்பாக்கியோடு நுழைந்துவிட்டால் எப்படிச் சத்தம் போடாமல் ஒளிந்து கொள்வது என்று ஒத்திகை நடத்துகிறார்கள். டெலிபோனில் இதைக் கேட்ட பாட்டிக்கு இங்கே சோறு இறங்குமா?

"ஏம்மா, அந்த ஊர்ச் சர்க்காருக்கு என்ன கேடு? எல்லாத் துப்பாக்கியையும் பிடுங்கி வைக்கக் கூடாதா?" என்று பாட்டி கேட்கிறாள்.

"அது அவங்க உரிமையாம், அம்மா. சட்டத்திலேயே எழுதி வச்சிருக்காங்களாம்" என்று மகள் பதில் சொல்கிறாள்.

பாட்டியின் கேள்வியும் சரி, மகளின் பதிலும் சரி. இரண்டுக்கும் நடுவில் உள்ள விஷயத்தைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

உலகத்தில் உள்ள துப்பாக்கிச் சட்டங்களை மேலெழுந்தவாரியாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகைச் சட்டம் மனுப் போடுகிறவனைப் பார்த்து, "உனக்கு இது ஏன் வேண்டும்?" என்று கேட்கிறது. இன்னொரு வகைச் சட்டம் சர்க்காரைப் பார்த்து, "இவனுக்கு ஏன் கூடாது?" என்று கேட்கிறது. நம் தேசம் முதல் வகை. அமெரிக்கா இரண்டாம் வகை.

நம்முடைய சட்டத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1878-ல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரருக்கு விதிவிலக்கு! சுதந்திரம் வந்த பிறகு அதை எடுத்துவிட்டு, 1959-ல் எல்லாருக்கும் பொதுவான சட்டம் செய்தார்கள். அது 1962-ல் அமலுக்கு வந்தது. அதன்படி மனுதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியின் அறிக்கை வேண்டும். 2016 விதிகள், துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைக்க வசதியும், கையாளத் தகுந்த பயிற்சியும் வேண்டும் என்கின்றன. முன்பு ஒருவர் மூன்று வரை வைத்துக் கொள்ளலாம் என்றிருந்தது. 2019 திருத்தத்தில் அது இரண்டாகக் குறைந்தது. கல்யாண ஊர்வலத்தில் குஷிக்காக வானத்தைப் பார்த்துச் சுடுகிற வடநாட்டு வழக்கமும் அதே திருத்தத்தில் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மேலே போன குண்டு கீழே வராமல் இருக்குமா? மணவீடுகள் பல இப்படிப் பிணவீடாகியிருக்கின்றன.

"ஏன் வேண்டும்?" என்பதற்குச் சட்டம் ஒப்புக் கொள்கிற பதில்களில் நம் பக்கத்துக்குப் பொருத்தமானது பயிர்க் காவல். மலையடிவாரத்து நிலத்தில் இரவோடு இரவாகக் காட்டுப் பன்றி புகுந்து மல்லாட்டையைக் கிளறிப் போட்டால் அந்தக் குடியானவனின் வயிற்றெரிச்சல் நமக்குத் தெரியாததா? வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்காகக் கொடுக்கலாம் என்று 1959-ஆம் வருஷச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. விளையாட்டுக்காகச் சுடுகிறவர்களுக்கும் இடம் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் என்ற பெண் துப்பாக்கி சுட்டு இரண்டு பதக்கம் வாங்கி வந்தாரே, மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1791-லேயே அவர்கள் அரசியல் சட்டத்தில், ஆயுதம் வைத்திருப்பது ஜனங்களின் உரிமை என்று எழுதிவிட்டார்கள். கடைக்காரர் வாங்குகிறவரின் பழைய குற்றங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் பின்னால்தான் வந்தன. அவையும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். விளைவு என்ன? 2017-ல் எடுத்த ஒரு சர்வதேச மதிப்பீட்டின்படி, அங்கே பொதுமக்களிடம் இருந்த துப்பாக்கிகள் சுமார் 39 கோடி. ஜனத்தொகையோ 33 கோடிகூட இல்லை. கைக்குழந்தைக்கு ஒன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்!

இந்தியாவில் 2016-ஆம் வருஷக் கடைசியில் இருந்த லைசென்ஸ்கள் சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம். அவற்றில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரத்துக்கு மேல். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22 ஆயிரத்து 500 தான்.

கொலைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2022-ல் நம் தேசத்தில் பதிவான கொலை வழக்குகள் 28,522. லட்சம் பேருக்கு இரண்டு என்று வைத்துக் கொள்ளலாம். அமெரிக்காவில் அதே வருஷம் லட்சத்துக்கு ஆறுக்கு மேல். ஜப்பானில் நாலைந்து லட்சம் பேருக்கு ஒன்று. அந்த ஜப்பானில் கைத்துப்பாக்கி பொதுமக்களுக்குக் கிடையாது. வேட்டைத் துப்பாக்கிக்கு எழுத்துப் பரீட்சை, சுடும் பரீட்சை, மனநலச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். போலீஸார் வீட்டாரையும் அண்டை அயலாரையும் விசாரிப்பார்கள். அங்கேயும் 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்ஸோ அபேயை ஒருவன் சுட்டுக் கொன்றான். ஆனால் அதற்கு அவன் தன் கையாலேயே ஒரு துப்பாக்கியைச் செய்ய வேண்டியிருந்தது.

"அப்படியானால் துப்பாக்கி இல்லாத ஊரில் கொலையே நடக்காதா?" என்று ஒரு கெட்டிக்கார வாசகி கேட்பாள். நடக்கும். லைசென்ஸ் மலிந்த உத்தரப் பிரதேசத்தில் 2022-ல் 3,491 கொலைகள். லைசென்ஸ் அபூர்வமான தமிழ்நாட்டில் 1,690. ஜனத்தொகையால் வகுத்துப் பார்த்தால் நம் விகிதம்தான் கொஞ்சம் அதிகம்! நமக்கு அரிவாள் இருக்கிறது. போதாக்குறைக்கு வாய்க்கால் தகராறும் வரப்புத் தகராறும் இருக்கின்றன. தேசம் முழுவதிலும் கொலைக்குக் காரணமாகப் பதிவானவற்றில் முதலிடம் தகராறுக்குத்தான். அந்த வருஷத்தில் 9,962. ஆகையால் நாம் சாதுக்கள் என்று மார்தட்டிக் கொள்ள வேண்டாம். மெக்ஸிகோவில் துப்பாக்கிச் சட்டம் கடுமை. ஆனால் எல்லை தாண்டிக் கள்ளத் துப்பாக்கி வந்து குவிந்து, கொலை பெருகிக் கிடக்கிறது. சுவிட்ஸர்லாந்தில் துப்பாக்கி நிறைய, கொலை குறைவு. சட்டம் ஒன்றே சர்வரோக நிவாரணி அல்ல.

பின் சட்டத்தால் என்ன லாபம்? அரிவாளை எடுத்தவனைப் பத்துப் பேர் சேர்ந்து மடக்கலாம், கதவைச் சாத்தலாம், ஓடலாம். துப்பாக்கிக்கு முன்னால் இது ஒன்றும் பலிக்காது. 1996 மார்ச் மாதம் ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற சின்ன ஊர்ப் பள்ளியில் ஒருவன் சில நிமிஷங்களில் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கையில் இருந்தவை லைசென்ஸ் பெற்ற கைத்துப்பாக்கிகள். அந்தப் பக்கத்துத் தாய்மார்களும் சிநேகிதிகளும் மூலைக்கு மூலை நின்று கையெழுத்து வாங்கினார்கள். ஏழு லட்சம் கையெழுத்துக்கள் சேர்ந்தன. மறு வருஷமே பிரிட்டனில் கைத்துப்பாக்கி தடை செய்யப்பட்டது.

அதே 1996-ல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் பலியானார்கள். பன்னிரண்டே நாட்களில் மத்திய, மாகாண சர்க்கார்கள் கூடிச் சட்டத்தை இறுக்கின. ஜனங்களிடமிருந்து சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தார்கள். 2019-ல் நியூஸிலாந்தில் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டதும் ஒரு மாதத்துக்குள் சட்டம் வந்தது. அமெரிக்காவிலோ 2012-ல் ஸாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் மாண்ட பிறகு கொண்டு வந்த மசோதா ஸெனட்டில் தோற்றது. 2022-ல் டெக்ஸாஸ் மாகாணத்து யுவால்டியில் 19 குழந்தைகள் இறந்த பிறகுதான் ஒரு சிறு சட்டம் நிறைவேறிற்று. குழந்தையைப் பறிகொடுத்த தாயின் துக்கம் எல்லா தேசத்திலும் ஒன்றுதான். அது சட்டமாக மாறுவதில்தான் வித்தியாசம்.

இனி, நம் பெண்களுக்கு நேராக வருகிற கேள்வி. "எல்லாம் சரி அக்கா, வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார், நடுராத்திரியில் திருடன் வந்தால்?"

இந்தப் பயத்தை நம்பியே ஒரு துப்பாக்கி பிறந்தது. டில்லியில் 2012-ல் நடந்த கொடுமைக்குப் பிறகு, கான்பூரில் உள்ள சர்க்கார் தொழிற்சாலை 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று ஒரு சிறிய ரிவால்வரை வெளியிட்டது. பெயர் 'நிர்பீக்'. எடை அரைக் கிலோ. நகைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துத் தந்தார்கள். விலை ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேல். அந்த விலைக்கு அன்றைக்கு நாலு பவுன் நகையே வாங்கியிருக்கலாம்!

விலை கிடக்கட்டும். சங்கிலி பறிக்கிறவன் மோட்டார் சைக்கிளில் வந்து கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறான். அந்த நேரத்தில் ரிவால்வர் எங்கே இருக்கும்? பீரோவில், பூட்டி. பூட்டாமல் வைத்தாலோ, முதலில் அதைக் கண்டுபிடிக்கிறவன் திருடன் அல்ல. ஆறு வயதுப் பிள்ளை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 2023-ல் உலகம் முழுவதும் கொலையுண்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85 ஆயிரம் என்று ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. அவர்களில் 51 ஆயிரம் பேரைக் கொன்றவன் கணவனோ, காதலனோ, குடும்பத்து மனிதனோதான். பெண்ணுக்குப் பகை பெரும்பாலும் சுவர் ஏறிக் குதித்து வருவதில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டில் துப்பாக்கி இருந்தால் அது யார் கைக்கு முதலில் போகும்?

சினேகம் முற்றிய இடத்திலும் இந்தக் கதைதான். 1967 ஜனவரி 12-ஆம் தேதி எம்.ஜி.ஆரைச் சுட்டவர் அவரோடு எத்தனையோ படங்களில் நடித்த எம்.ஆர்.ராதா. சம்பவம் நடந்தது எம்.ஜி.ஆரின் சொந்த வீட்டில். இரண்டு பேரும் காயத்தோடு பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழையபடி ஆகவில்லை. பேச்சோடு போக வேண்டிய பிணக்கு கோர்ட்டு வரைக்கும், சிறை வரைக்கும் போயிற்று.

இன்னும் ஒன்று. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேல் பிறரால் கொல்லப்பட்டவர்கள் அல்ல. மனம் உடைந்து தங்களைத் தாங்களே மாய்த்துக் கொண்டவர்கள். அந்த நிமிஷம் தாண்டியிருந்தால் பிழைத்திருப்பார்கள் பலர். இது நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்து விவசாய வீடுகளில் துப்பாக்கி இல்லை. பூச்சி மருந்து டப்பா இருக்கிறது. இலங்கையில் 1990-களிலிருந்து கொடிய பூச்சி மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. ஜனங்களின் கவலை தீர்ந்துவிட்டதா? இல்லை. கவலை வந்த நேரத்தில் கையருகே விஷம் இல்லை, அவ்வளவுதான். மருந்தை வீட்டுக்குள் வைக்காமல், வெளியே ஒரு பெட்டியில் பூட்டி, சாவியை ஒரே ஒருவர் வைத்துக் கொள்ளுங்கள். மனம் சோர்ந்தவரைத் தனியே விடாதீர்கள். 104 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்தால் ஆறுதலும் ஆலோசனையும் சொல்வார்கள்.

கோபமும் துக்கமும் எல்லா தேசத்து மனிதருக்கும் வரும். வருகிற நேரத்தில் கைக்கு எட்டுவது என்ன என்பதில்தான் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. துப்பாக்கிச் சட்டத்தின் சூட்சுமம் முழுவதும் இதுதான்.

கனடாவில் ஓர் ஏற்பாடு உண்டு. கணவன் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டால், அதில் மனைவி கையெழுத்துப் போடவும் ஓர் இடம் இருக்கிறது. கையெழுத்து இல்லாவிட்டால் அதிகாரிகள் அவளுக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள். "இவருக்குக் கொடுக்கலாமா?" என்ற கேள்விக்கு அவளைவிட நன்றாகப் பதில் சொல்லக் கூடியவர் யார்? நம் மனுக் காகிதத்திலும் அந்த ஒரு வரி ஏறினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அது வருகிற வரையில், "ஏன் வேண்டும்?" என்ற கேள்வியைக் கலெக்டர் கேட்பதற்கு முன்னால் வீட்டுக்காரி கேட்டுவிடட்டும்.