எஃப் 62.0 போய்விட்டது, நோயாளி போகவில்லை

நாவலப்பிட்டி

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 11ஆம் திருத்தம் 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உளநலப் பகுதிக்கான மருத்துவக் கைநூல் 2024 மார்ச்சில் வெளியானது. அதற்குப் பிறகும் நம் பயிற்சி வகுப்புகளில் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே பலகையில் கலந்து கிடக்கின்றன. இந்த இதழ் எந்தப் பக்கம் என்று வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். சொல்லிவிடுகிறோம்.

நல்லதை முதலில். 6பி41, அதாவது சிக்கலான மனவடு நோய், ஜூடித் ஹெர்மன் 1992இலேயே கேட்டது. அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு தனி இடம் தர மறுத்தது, ஜெனீவா தந்திருக்கிறது. மீளனுபவம், தவிர்த்தல், ஓயாத அச்சவுணர்வு மூன்றோடு உணர்ச்சிக் குலைவு, தன்னிழிவு, உறவுச் சிதைவு மூன்றும் சேர்ந்தால் இந்த எண். ஆளுமைக் கோளாற்றிலும் பீட்டர் டைரரின் குழு பழைய பெட்டிகளைக் கலைத்துவிட்டு, இலேசு, நடுத்தரம், கடுமை என்று அளக்கச் சொன்னது. எல்லைநிலை மட்டும் பலரின் வற்புறுத்தலால் துணைக்குறிப்பாக ஒட்டிக்கொண்டது. அதற்கான சண்டையை வேறோர் இதழுக்கு வைத்துக்கொள்வோம்.

நம் சங்கடம், புதிய திருத்தத்தில் இல்லாமல்போன எஃப் 62.0. பேரனர்த்த அனுபவத்தின் பின் நிலைத்துவிடும் ஆளுமை மாற்றம். இரண்டு ஆண்டாவது நீடித்த அவநம்பிக்கை, ஒதுக்கம், வெறுமை, எந்நேரமும் ஏதோ வரப்போவதுபோன்ற பதற்றம், தன்னிலிருந்தே அந்நியப்பட்ட நிலை. மீளனுபவம் இருந்தே ஆகவேண்டும் என்று அது கேட்கவில்லை. 6பி41 கேட்கிறது. கனவு வராது, பழைய காட்சி வராது, ஆனால் ஆளே மாறிப்போனார் என்று மனைவி சொல்லும் மனிதரை இனி எங்கே எழுதுவது? கையருகில் இருப்பது ஆளுமைக் கோளாற்றுக்கான 6டி10 ஒன்றுதான். பழைய எண் இவருக்கு நேர்ந்ததைக் கேட்டது. புதிய எண் எவ்வளவு கடுமை என்று மட்டும் கேட்டு நகர்ந்துவிடுகிறது.

வடக்கில் இந்தக் கேள்வியைச் சரியாகக் கையாண்டவர்கள் இருக்கிறார்கள். தயா சோமசுந்தரமும் சிவயோகனும் 1994இல் வெளியிட்ட ஆய்வை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எழுமாறாகத் தெரிந்த 98 பேரில் உடல்வழி முறைப்பாடு 41 வீதம், மனவடு நோய் 27 வீதம், பகைமையுணர்வு 19 வீதம், உறவுச் சிக்கல் 13 வீதம். அந்தப் பகைமையையும் உறவுச் சிக்கலையும் யாழ்ப்பாணத்தாரின் குணம் என்று அவர்கள் எழுதவில்லை. போரின் விளைவுகள் என்ற தலைப்பின் கீழ் வைத்தார்கள். 2007இல் சோமசுந்தரம் ஒரு படி மேலே போய், காயம் தனியாளில் நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே குலைகின்றன என்று கூட்டு மனவடுவை விவரித்தார். நம் தொழிலில் ஆளுமை, மனவடு, உடல்நலம் மூன்றையும் ஒன்றாகப் பார்க்கக் கற்றுத்தந்த வேலை அது.

ஆளுமையை நோயோடு கட்டும் வேலையில் கை நடுங்க வேண்டும் என்பதற்கு வெளியுலகச் சான்றும் உண்டு. ஹான்ஸ் ஐசெங்கும் குரோஸார்த்-மாட்டிசெக்கும் புற்றுநோய்க்கென்றே ஓர் ஆளுமை இருக்கிறது என்று எழுதிக் குவித்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி 2019இல் விசாரித்து அவற்றில் 26 கட்டுரைகளை நம்பத்தகாதவை என்றது. பழி சிகரெட்டிலிருந்து குணத்துக்கு மாறினால் யாருக்கு இலாபம் என்று கேட்டால், புகையிலைக் கம்பனிகளின் பணம் அந்தப் பக்கம் போயிருந்ததும் தெரியவரும்.

பழி குணத்துக்கு மாறினால் யாருக்கு இலாபம் என்ற அதே கேள்வியை இங்கே, மகாவலியின் இந்தக் கரையில், யாராவது கேட்டிருக்கிறார்களா?

போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்தில் எடுத்த கணக்கு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது: மனவடு நோய் 7 வீதம், பதகளிப்பு 32.6, மனச்சோர்வு 22.2. வடக்குக்கு எண் இருக்கிறது. டொலஸ்பாகைக்கு? பஸ்பாகைக்கு? கினிகத்தேனைக்கு? மலையகம் போர்ப் பிரதேசம் அல்லவாம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, எஞ்சியோர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தது நெருக்கீடு அல்லவாம். 1964 ஒப்பந்தம் குடும்பங்களைப் பிய்த்து மண்டபம் முகாமுக்குக் கப்பலேற்றியது நிகழ்வு அல்லவாம். 1977, 1981, 1983 என்று வரிசையாக லயங்கள் எரிந்தன. 1977இல் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களில் பலர் 2009இல் மெனிக் பாம் முகாமின் கம்பிவேலிக்குள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்று தன் தங்கையின் லயத்துக்குத் திரும்பி, யாரோடும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், கிளினிக் கொப்பியில் என்ன ஏறும்? 'ஒதுங்கும் இயல்பு, நடுத்தரம்.' கைநூலுக்கு முழுக்க இணக்கமான வரி அது!

6பி41இன் முதல் நிபந்தனையை ஊன்றிப் படியுங்கள். தப்பிப்பது கடினமான, அல்லது முடியாத, நீண்ட அல்லது திரும்பத் திரும்ப நிகழும் பயங்கரம் என்கிறது. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நின்றால் கூரை நிற்காது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனை விட்டு எங்கே போவது? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், மூன்று தலைமுறை படுக்கும் இடத்தில், தப்பிப்பது என்ற பேச்சே இல்லை. கொழுந்து பறிக்கிற பெண் தலைவலி, நெஞ்செரிவு என்று மாதந்தோறும் ஓ.பி.டி.க்கு வருகிறாள், பனடோலோடு அனுப்புகிறோம். மூன்றாம் முறை மருந்து குடித்துவிட்டு வந்தால் எல்லைநிலைக் குறிப்பு தயாராக இருக்கிறது.

மருந்து குடிப்பது என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1995இல் இலட்சத்துக்கு 47 என்று இந்த நாடு தற்கொலையில் உலகின் முன்வரிசையில் நின்றது. குறைந்தது எப்படி? கொடிய பூச்சிகொல்லிகள் கட்டம் கட்டமாகத் தடைசெய்யப்பட்டன; 2008க்கும் 2011க்கும் இடையில் பரக்குவாட்டும் டைமீதோயேட்டும் ஃபென்தியனும் போயின. தடைகளுக்கு முன்னும் பின்னுமான சாவுக் கணக்கைப் பேராதனையிலிருந்து இயங்கும் நச்சியல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மக்களின் ஆளுமை அந்தச் சில ஆண்டுகளில் திருந்திவிடவில்லை. போத்தலில் இருந்தது மாறியது.

ஆனால் அதிகாரிகளுக்குக் குணம் வசதியான விளக்கம். மண்சரிவு வந்தால் மட்டும் மலைக்கு மனவடு உண்டு. 2014 அக்டோபர் 29 மீரியபெத்தையிலும், 2025 நவம்பரில் திட்வா புயலிலும் பதாகையோடு உளவளக் குழுக்கள் வந்தன. வந்த வேகத்தில் போயின. சரியும் நிலத்தில் வரிசையாக லயம் கட்டி, இருநூறு ஆண்டு அதிலேயே இருக்கவிட்டது எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் வருகிறது? நாட்டின் மனநோய்ச் சட்டம் 1873ஆம் ஆண்டுக்குரியது. கோப்பிக் காலத்துச் சட்டம், கோப்பியும் போய்த் தேயிலையும் தளர்ந்த பிறகும் திருத்த மனமில்லை. தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. ஆனாலும் வாட்டில் ஒரு தோட்டத்துத் தாயின் வாக்குமூலத்தை அவளுடைய பத்து வயது மகன் மொழிபெயர்க்கிறான். அப்பா அடித்ததை அந்தப் பிள்ளை எப்படிச் சொல்வான்? அடிக்கவில்லை என்றே சொல்லிவைப்பான். டிக்கெட்டிலும் அதுவே பதியும். இதைச் சுட்டி எழுதிய கடிதங்களுக்கு 'கவனத்திற் கொள்ளப்பட்டது' என்ற பதில் மட்டும் தவறாமல் வருகிறது.

புதிய திருத்தத்தை நிராகரிக்கச் சொல்லவில்லை. பழைய எண்ணுக்குத் திரும்பவும் முடியாது. ஆனால் மனவடு வரலாறு எடுக்காமல், நோயாளியின் மொழியில் பேசாமல், ஒரே சந்திப்பில் 6டி10 எழுதுவது மோசமான மருத்துவம் என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. மீளனுபவம் இல்லாத பழைய எஃப் 62.0 நோயாளிகளுக்கு எண் எதுவானாலும் அந்த வரலாறு குறிப்பில் முழுதாக இருக்க வேண்டும். தோட்ட வைத்தியர்களும் உளவளத்துணையாளர்களும் எழுதி அனுப்பும் குறிப்புகளை மனநல வைத்திய அதிகாரிகள் வாசித்த பின்பே எண் போட வேண்டும்.

அடுத்த இதழ் முதல், ஆளுமைக் கோளாறு என்று நிர்ணயித்த நோயாளர் அறிக்கை எதுவும் மூன்று விடயங்கள் இல்லாமல் ஏற்கப்படாது: நேர்காணல் எந்த மொழியில் நடந்தது, இடையில் யார் மொழிபெயர்த்தார், வன்முறை, இடம்பெயர்வு, வீடு பற்றி என்ன கேட்கப்பட்டது. அனுப்புபவர் பேராசிரியராக இருந்தாலும் இதுவே விதி.